கதவு மாட்டியவர் கார் கட்டிய கதை!

லான்சர் காரை ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? 2000-த்தின் தொடக்க வருடங்களில் கல்யாண மண்டப வாசலில் ஒரு லான்சர் வந்து நின்றால், யாரோ பெரிய இடத்து மனிதர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். தாழ்வாக, நீளமாக, அலட்டிக்கொள்ளாத அழகோடு இருக்கும். இப்போது ரோட்டில் அதைப் பார்ப்பதே அபூர்வம். பழைய கார் பிரியர்கள் மட்டும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

அந்த லான்சர் எங்கள் ஊர்க் கார். மிட்சுபிஷி என்ற பெயரைப் பார்த்துவிட்டு, கப்பலில் முழுசாக வந்து இறங்கியது என்று நினைத்தவர்கள் உண்டு. இல்லை. 1998-லிருந்து அது திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாரானது. ஆமாம், அம்பாசடர் செய்த அதே கம்பெனிதான். அம்பாசடர் கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரானது. லான்சருக்கு மட்டும் எங்கள் திருவள்ளூர்.

என் வீட்டுக்காரர் ஐ.டி.ஐ. ஃபிட்டர். 1999-ல் அந்த ஃபேக்டரியில் சேர்ந்தார். ஜப்பானிலிருந்து பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். இங்கே கிடைப்பவை இங்கே சேரும். எல்லாவற்றையும் லைனில் வைத்துப் பொருத்தி வண்டியாக வெளியே அனுப்புவார்கள். இப்படி அக்கக்காக வரும் வண்டிக்கு ஃபேக்டரி பாஷையில் சி.கே.டி. என்று பெயர். கல்யாணமான புதிதில் இந்த வார்த்தையை நான் ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்டிருக்கிறேன்.

இவருடைய வேலை கதவு. கதவு மட்டும். கீல் வைத்து மாட்டுவது, மேலே கீழே இழுத்துச் சரிசெய்வது, உடம்புக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்ப்பது, கடைசியில் மூடிப் பார்த்துச் சத்தம் கேட்பது. கதவு மூடுகிற சத்தத்திலேயே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், வாசலில் நிற்கும் காரின் கதவை ஒரு தடவை திறந்து மூடாமல் உள்ளே வரமாட்டார். எனக்கு மானம் போகும்.

பிறகு காலம் மாறியது. புதுப்புதுக் கார்கள் வந்தன. எங்கள் லைனில் லான்சர் குறைந்தது. 2013-ல் இவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனிக்கு மாறினார். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனால், ரயிலில் போவதென்றால் சென்னை வரை போய், வேறு தடத்தில் ஏறி மறுபடி வடக்கே வர வேண்டும். அதனால் கம்பெனி பஸ். விடியற்காலை கிளம்பினால் ராத்திரி திரும்புவார். வேலை நன்றாகத்தான் போனது. கதவு மட்டும் இல்லை.

பருப்புப் பொறுக்கிய கை

போன வருஷம் வைகாசியில் வேலை நேரத்தில் ஒரு விபத்து. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கிவிட்டன. எலும்பு முறிவு. மெல்லிய கம்பி வைத்துப் பொருத்தினார்கள். சில வாரம் கழித்துக் கம்பியை எடுத்தபோது காயம் ஆறியிருந்தது. விரல்கள்தான் மடங்கவில்லை. கட்டையைப்போல நீட்டிக்கொண்டு நின்றன.

இது பலருக்கும் நடப்பதுதான் என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். விரலை அசைக்காமல் வைத்திருக்கும் நாள்களில் மூட்டு இறுகிவிடும். விரலை இழுக்கும் தசைநாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை வாங்கித்தான் தளர்த்த வேண்டும். மெழுகு ஒத்தடம், மாவு பிசைவதுபோல ஒரு பயிற்சி, அப்புறம் பருப்பு. உளுந்தையும் துவரையையும் கலந்து தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனியாக வைக்க வேண்டும்.

என் மாமியாருக்கு இதில் ஏக சந்தோஷம். "இருபத்தஞ்சு வருஷத்துல இப்பதான் இந்த வூட்ல ஆம்பள பருப்பு பொறுக்கறான்" என்றார்.

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நாள் செய்தார். பதினோராம் நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "ஸ்பேனர் புடிச்ச கைம்மா இது. பருப்புப் பொறுக்கி என்னா பண்ணப் போறேன்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. விரல் மடங்காவிட்டால் பழைய வேலைக்குப் போக முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். வெளியில் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளிடம் மட்டும் போனில் சொன்னேன். ஆடி மாசம் ஒரு பார்சல் வந்தது.

ஒரு அடிக்கு அரை அங்குலம்

பெட்டியின் மேலே கார் படம். உள்ளே திறந்தால் காரைக் காணோம். ஓலைப் பின்னலைப்போல வெள்ளையும் கறுப்புமாகப் பிளாஸ்டிக் சட்டங்கள். அவற்றில் காய் காய்த்ததுபோல நூற்றுக்கும் குறையாத துண்டுகள். நாலு ரப்பர் டயர், ஒரு கண்ணாடிச் சட்டம், ஸ்டிக்கர் தாள், படம் படமாகப் போட்ட ஒரு விளக்கத் தாள்.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ஒடஞ்ச காரையா வாங்கி அனுப்பிச்சிருக்கா உன் பொண்ணு?" என்று கேட்டார்.

இவர் விளக்கத் தாளைப் புரட்டினார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சி.கே.டி.ம்மா இது" என்றார். வைகாசிக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு ஆர்வத்தை அன்றுதான் பார்த்தேன்.

அது ஜப்பானின் டாமியா கம்பெனி கிட். ஷிசுவோகா நகரில் 1946-ல் மரம் அறுக்கும் தொழிலாக ஆரம்பித்து, மர பொம்மைக்கு வந்து, பிறகு பிளாஸ்டிக் மாடலுக்கு மாறிய கம்பெனி. 1970-களில் போர்ஷே 934 என்ற பந்தயக் காரின் மாடலைச் செய்வதற்காக, நிஜமான போர்ஷே 911 ஒன்றையே வாங்கி அக்கக்காகப் பிரித்துப் பார்த்தவர்களாம். இதைக் கேட்டதும் இவருக்கு அந்தக் கம்பெனிமேல் தனி மரியாதை வந்துவிட்டது.

பெட்டியில் இருந்தது லான்சர்தான், ஆனால் எங்கள் லான்சர் இல்லை. லான்சர் எவல்யூஷன் 6. அதே காலத்து லான்சரின் உடம்பை எடுத்து, ராலி பந்தயத்துக்காக முறுக்கேற்றிய வண்டி. பின்லாந்துக்காரர் டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நாலு வருடம் உலக ராலி சாம்பியன் ஆனது இந்தக் குடும்பத்து வண்டிகளில்தான். குரூப் ஏ என்ற அன்றைய விதிப்படி, ஒரு காரைப் பந்தயத்தில் இறக்க வேண்டுமானால் அந்த மாடலில் 2,500 வண்டிகளாவது தயாரித்திருக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பந்தயக் குதிரை கடைக்கும் வந்தது. 2 லிட்டர் டர்போ இன்ஜின், 280 குதிரைசக்தி. திருவள்ளூரில் செய்த 1.5 லிட்டர் பெட்ரோல் லான்சருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சாதாரண லான்சருக்கு கிட் தேடித் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், மகள் இதை வாங்கியிருந்தாள். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். நான் தலையில் கை வைத்தேன். நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தைக்கிறவள். நாலாயிரத்துக்கு எத்தனை பிளவுஸ் என்று மனசு தானாகக் கணக்குப் போடும்.

ஆனால், அளவு விஷயத்தில் நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன். பெட்டியில் 1/24 என்று போட்டிருந்தது. அதாவது நிஜக் காரில் 24 அங்குலம், இதில் 1 அங்குலம். ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால் என் இஞ்ச் டேப்பிலேயே அளந்துவிடலாம். நிஜ எவல்யூஷன் 4,350 மில்லிமீட்டர், பதினாலு அடிக்குக் கொஞ்சம் மேல். இது ஏழு அங்குலம். கையில் வைத்தால் ஒரு சாண்கூட வராது.

கதவு திறக்காத கார்

உடம்புப் பாகத்தைக் கையில் எடுத்து நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"இன்னாங்க?"

"கதவு இல்லம்மா."

நாலு கதவும் உடம்போடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தன. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும். திறக்காது, மூடாது, மாட்டவும் வேண்டாம். பதினாலு வருஷம் இவர் செய்த ஒரே வேலை, இந்தக் காரில் ஏற்கெனவே முடிந்திருந்தது. இவர் ஒரு நாளும் செய்யாத மற்ற எல்லாமும் மிச்சம் இருந்தது.

கதவுக் கோட்டைக்கூட அவர் விடவில்லை. லைனில் கதவு இடைவெளி 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்த அளவில் அது 0.17 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். என் தையல் நூலைவிடச் சற்று மெலிசு. பிளாஸ்டிக் அச்சில் அவ்வளவு மெல்லிய கோடு போட முடியாது. அரை மில்லிமீட்டர் அகலம் இருந்தாலும் நிஜக் காரில் அது 12 மில்லிமீட்டர். "இவ்ளோ கேப்போட ஒரு வண்டி எங்க லைனைத் தாண்டியிருக்காது" என்று அந்தப் பொம்மையையும் ஃபெயில் செய்தார்.

வேலை ஆரம்பித்தது. சட்டத்திலிருந்து பாகத்தை ஒடிக்கக் கூடாது, சின்ன நிப்பரால் வெட்ட வேண்டும். அதுவும் பாகத்தை ஒட்டி வெட்டாமல், கொஞ்சம் காம்பு விட்டு வெட்டி, பிறகு மிச்சத்தைச் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும்.

இதற்கான பசையும் வேறு மாதிரி. அது ஒட்டுவதில்லை, கரைக்கிறது. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ்ஷால் ஒரு தொடு தொட்டால் போதும். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அதுவே இடுக்குக்குள் ஓடும். இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கும் இளகி ஒன்றாகிவிடும். "வெல்டிங் மாதிரி" என்று இவர் சொன்னார். வாடை கடுமை. ஜன்னலைத் திறந்து, ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி, மாஸ்க் போட்டுக்கொண்டால்தான் வேலை என்று நான் சட்டம் போட்டேன்.

பெரிய துண்டுகள் வரை பிரச்சினை இல்லை. சக்கரத்துக்குள் வைக்கும் சின்ன வளையம் வந்தபோதுதான் சோதனை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ட்வீசரை மூடுவதற்கு ஆள்காட்டி விரல் மடங்க மறுத்தது. எடுப்பார், விழும். எடுப்பார், விழும். ஏழாவது தடவை அது எங்கேயோ தெறித்தது. டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துத் தேடினோம். அப்படி அடித்தால் தூசுக்குக்கூட நீள நிழல் விழும், பொருள் சிக்கிவிடும். சிக்கியது. ஆனால், அவர் பெட்டியை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

"இந்தக் கை இனிமே எதுக்கும் ஆகாதும்மா."

அடுத்த வாரம் சிகிச்சைக்குப் போனபோது, கூடப் போன நான் இதைச் சொன்னேன். பிசியோதெரபிஸ்ட் திட்டவில்லை. "பிடி மெலிசா இருந்தா விரல் நிறைய மடங்கணும். பிடியைத் தடிமனாக்குங்க, கம்மியா மடங்கினாலே போதும். விரல் தேறத் தேறத் தடிமனைக் குறைச்சுக்கிட்டே வாங்க. ஆனா மோதிர விரலால எடுக்கப் பழகிடாதீங்க. அப்படிப் பழகிட்டா ஆள்காட்டி விரல் வேலையையே மறந்துடும்" என்றார்.

தடிமனாக்குவது என் வேலை. கிழிந்த பருத்திப் புடவையைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ட்வீசரின் இரு கால்களிலும் சுற்றி, நூலால் இறுகத் தைத்தேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஆனால், அந்த வளையம் அன்று ராத்திரியே சக்கரத்தில் உட்கார்ந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு சுற்றுத் துணியைப் பிரிப்பேன். கார்த்திகை மாசம் ட்வீசர் வெறும் ட்வீசராக இருந்தது.

வாசலுக்கு வந்த லைன்

அடிப்பாகம் வந்தபோது இவர் முழித்தார். சஸ்பென்ஷன், சைலன்ஸர் குழாய், ஸ்டீயரிங் கம்பிகள். விளக்கத் தாளில் படம் இருந்தது. ஆனால், எது எதற்காக என்று தெரியாமல் மாட்ட இவருக்கு மனசு வரவில்லை. சேஸிஸ் லைனில் வேலை பார்த்த பழைய சிநேகிதருக்குப் போன் போட்டார். அவர் மணவாளநகர். மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டார்.

அவர் மூலம் செய்தி பரவியது. பெயின்ட் ஷாப்பில் இருந்த ஒரு அண்ணன் வந்தார். சீட்டும் டேஷ்போர்டும் மாட்டியவர் ஒருவர் வந்தார். ஒருவர் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் காக்களூரில் லேத் வைத்திருக்கிறார், ஒருவர் ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் தையல் மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்துகொண்டு, ஒரு சாண் காரைப் பற்றி நாலு மணி நேரம் பேசுவார்கள். நான் டீ போட்டே ஓய்ந்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. சேஸிஸ்காரருக்கு பெயின்ட் தெரியவில்லை. பெயின்ட்காரர் டேஷ்போர்டின் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. இவருக்குக் கதவைத் தாண்டி எதுவும் தெரியாது. ஆயிரக்கணக்கான காரை அனுப்பியவர்கள். ஆனால், அவர்களில் ஒருவர்கூட ஒரு முழுக் காரைச் செய்ததில்லை. லைன் என்றால் அப்படித்தான். வண்டி நம் முன்னால் வரும், நம் வேலை முடிந்ததும் நகர்ந்துவிடும். அடுத்தவர் என்ன செய்தார் என்று பார்க்க நேரம் கிடையாது.

இதை நான் சொன்னபோது நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணி சொல்றது வாஸ்தவம்" என்றார் பெயின்ட் ஷாப் அண்ணன்.

பெயின்ட்டுக்கு அவர்தான் குரு. எங்கள் லைனில் ஓடிய சில்வர் கலர்தான் வேண்டும் என்று இவர் பிடிவாதம். "சில்வர் பொய் சொல்லாதுப்பா, அடியில கீறல் இருந்தா மேல காட்டிக் குடுத்துடும்" என்று அண்ணன் எச்சரித்தார். அதனால் உப்புத்தாள் 400-ல் ஆரம்பித்து, 800, 1000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்தார்கள். பிறகு பிரைமர். மறுபடி தேய்ப்பு.

அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் ஸ்பிரே அடித்தால் பெயின்ட்டில் உள்ள தின்னர் சட்டென்று ஆவியாகி, மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படியும். வெள்ளை பூத்துவிடும். மழை விட்டு வெயில் வந்த மூன்றாம் நாள் மொட்டை மாடியில் அட்டைப் பெட்டிக்குள் வைத்து அடித்தார்கள். ஒரே தடவையில் முழுக்க மூடப் பார்க்கக் கூடாது. ஒரு சாண் தள்ளி நின்று, மெல்லிசாக ஒரு வீச்சு. காயவிட்டு இன்னொரு வீச்சு. நிஜக் காரில் பெயின்ட் மொத்தமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இந்த அளவுக் காரில் தடிமனாக அடித்தால் கதவுக் கோடே தூர்ந்துவிடும். தூசு விழாமல் மூடி வைக்க அத்தையின் புது பிளாஸ்டிக் கூடை பறிபோனது.

ஜன்னலைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் ஓரம் வேண்டும். அங்கே மறுபடி நான். அகலமான டேப்பை வளைவில் ஒட்டினால் சுருக்கம் விழும். பிளவுஸ் கழுத்துக்கு கிராஸ் பீஸ் வெட்டுகிற எனக்கு இது தெரியாதா? டேப்பை இரண்டு மில்லிமீட்டர் பட்டைகளாகக் கீறி, வளைவோடு வளைவாக இழுத்து ஒட்டிக் கொடுத்தேன். கறுப்பு அடித்து டேப்பை உரித்தபோது கோடு கத்தி மாதிரி வந்தது. "அண்ணி எங்க லைனுக்கு வந்திருக்கலாம்" என்றார்கள். வந்திருக்கலாம்தான்!

ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் ஒரு நொடியில் ஒட்டும் பசையைத் தொடவே கூடாது. அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெள்ளை படர்ந்துவிடும். சாதாரண வெள்ளை மரப் பசை போதும், காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இறக்கை வேண்டாம்

கடைசியாக மிஞ்சியது, டிக்கியின் மேல் வைக்கும் பெரிய இறக்கை. எவல்யூஷனுக்கு அதுதான் அடையாளம். அத்தை அதைப் பார்த்து, "துணி காயப் போடவாடா?" என்று கேட்டார்.

இவர் இறக்கையை வைக்கவில்லை. அந்த முடிவை முன்பே எடுத்திருந்தார் போல. பெயின்ட்டுக்கு முன்பே, அது உட்காரும் இடங்களைப் பட்டி பார்த்து அடைத்துத் தேய்த்திருந்தார். எவல்யூஷன் என்ற எழுத்தையும் ஒட்டவில்லை. மூன்று வைரச் சின்னம் மட்டும்.

"முன்னாடி பம்பர் பந்தயக் கார், பின்னாடி சாதாக் கார். ரெண்டும் கெட்டானா இருக்கேங்க" என்றேன்.

"இருக்கட்டும். கூரையும் முன்கதவும் நம்முது. போதும்."

தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது கார் முடிந்தது. சிநேகிதர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். நிஜ வண்டியைவிட இதை அவர்கள் நிதானமாகப் பார்த்தார்கள் என்று தோன்றியது. லைன் நகரவில்லை அல்லவா?

எல்லோரும் போன பிறகு இவர் காரைக் கவிழ்த்து வைத்து, என் தையல் ஊசியால் அடிப்பாகத்தில் ஏதோ கீறினார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். நம்பர் போட்டிருந்தார். '1'.

நீங்களும் செய்யலாம்

இந்தக் கார் அவர் விரலைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லமாட்டேன். குணப்படுத்தியது அறுவை சிகிச்சையும் பிசியோதெரபியும் தினப்படிப் பயிற்சியும். பருப்பை வெறுத்தவரைத் தினம் இரண்டு மணி நேரம் பயிற்சியில் உட்கார வைத்தது மட்டும்தான் கார் செய்த வேலை. கையில் காயம் உள்ளவர்கள், மருத்துவரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். எங்களுக்கும் தையல் காயம் முழுசாக ஆறிய பிறகுதான் அனுமதி கிடைத்தது.

கை நன்றாக இருப்பவர்கள் பொழுதுபோக்காகவே ஆரம்பிக்கலாம். முதலில் பசையும் பெயின்ட்டும் வேண்டாத, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் எளிய கிட் வாங்குங்கள். ஒரு நல்ல நிப்பர், ட்வீசர், சின்னக் கத்தி, நாலு வகை உப்புத்தாள் போதும். மற்றதெல்லாம் போகப்போக வாங்கலாம். பசை, பெயின்ட் வேலையைச் சமையல் அடுப்பு பக்கமே வைத்துக்கொள்ளாதீர்கள், தீப்பற்றக்கூடியவை. குட்டிக் குழந்தைகள் உள்ள வீட்டில் பாகங்களை மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள், வாயில் போட்டுவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெரியவர்களோடு சேர்ந்து செய்தால் போனை இரண்டு மணி நேரம் மறப்பார்கள். இது என் மகளின் வாக்குமூலம், பொங்கலுக்கு வந்தவள் ஒரு நாள் முழுக்க போனைத் தேடவில்லை.

நடுவிரல் இப்போது முழுசாக மடங்குகிறது. ஆள்காட்டி விரலின் நுனி மூட்டு பாதியில் நின்றுவிடுகிறது, அது அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். பொங்கல் முடிந்து இவர் வேலைக்குத் திரும்பினார். பழைய மிஷினுக்கு இல்லை, அளவு பார்க்கும் மேஜைக்கு. புதிதாகச் சேரும் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குக் கேஜ் பிடிக்கக் கற்றுக் கொடுக்கிறார். கற்றுக் கொடுப்பது இவருக்குப் பிடித்திருக்கிறது. ராத்திரி வந்ததும் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார். வைகாசிக்குப் பிறகு இந்த வீட்டில் காணாமல் போயிருந்தது அந்தப் பேச்சுதான்.

அடுத்த பெட்டிக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. 1966-ம் வருடத்து ஃபோக்ஸ்வாகன் பீட்டில். வைக்க ஷோகேஸில் இடமில்லை என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். அத்தை தன் மாத்திரை டப்பாக்களை எடுத்துவிட்டு, கட்டில் பக்கத்து ஷெல்ஃபைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்.